படிக்கத் திணறும் பிள்ளையோடு உட்காரும் முன்: வாசிப்பும் எழுத்தும் பழக்கமாகப் படிப்படியான வழி

மூன்றாம் வகுப்பில் என் மகள் பாடநூலின் ஒவ்வொரு பாடத்தையும் தங்குதடையின்றி வாசித்துக் காட்டுவாள். ஒருநாள் அதே சொற்கள் வருகிற ஒரு சிறு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அதுவரை அவள் பாடத்தைப் படிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் வரியின்மீது நகர்ந்ததே தவிர, கண் எழுத்தைப் பார்க்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டில் புத்தகங்கள் வாங்கிக் குவித்தேன், பயிற்சி நோட்டுகளை நிரப்ப வைத்தேன், கோபப்பட்டேன். அவளுக்கு வாசிப்பின்மீது பயம் வந்ததுதான் மிச்சம். தடை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மருந்து கொடுத்ததுதான் நான் செய்த தவறு. உங்கள் பிள்ளைக்கு அந்த ஓராண்டு வீணாக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், தாத்தா பாட்டி, மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் ஆகியோருக்கு இது பயன்படும். ஒரு நோட்டு, ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைப்பேசி, நாளுக்கு 20 நிமிடம் ஆகியவை போதும்.

1. முதல் மாலை: தடை எங்கே என்று பாருங்கள்

எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தேர்வு என்று சொல்லாதீர்கள். "நீ படிப்பதைக் கேட்க ஆசையாக இருக்கிறது" என்றால் போதும்.

முதலில், பிள்ளை இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். பாடநூல் வேண்டாம். ஏன் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்து, பொருளே இல்லாத சில சொற்களை எழுதிக் காட்டுங்கள்: தேமு, கொபை, நூழெ, பௌசி. தெரிந்த சொல்லைப் பிள்ளை முதல் எழுத்தை வைத்தே ஊகித்துவிடும். இந்தச் சொற்களில் ஊகிக்க வழியில்லை. எந்தக் குறி பிடிபடவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, வேறொரு பக்கத்தை நீங்கள் படித்துக் காட்டி, என்ன நடந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதுதான் மிக முக்கியமான சோதனை. கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் சிக்கல் சொல்வளத்தில் இருக்கிறது. 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை இந்த இரண்டின் பெருக்கலாகவே விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். ஒன்றுக்கான பயிற்சி மற்றொன்றைத் தீர்க்காது.

கடைசியாக, ஐந்து எளிய சொற்களை நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். திருத்தாமல் அப்படியே எடுத்து வையுங்கள்.

இவற்றோடு கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோவது, வரி தாண்டிப் படிப்பது, ஒரே கண்ணைச் சுருக்குவது, கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புவது ஆகியவற்றைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பில் தெளிவாகப் பார்க்க முடியாத பிள்ளை தனக்குப் பார்வைக் குறை இருப்பதாகச் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

2. ஏடுகளைத் தேதியிட்டுச் சேருங்கள்

வளர்ச்சி மெதுவாக நடக்கும். அன்றாடம் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. எனவே சான்று வேண்டும். பின்னால் ஆசிரியரையோ நிபுணரையோ பார்க்க நேர்ந்தால் இந்தக் கோப்பு பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிட ஒலிப்பதிவு, மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படாத ஒரு எழுத்து மாதிரி, படித்த புத்தகங்களின் பட்டியல், அடிக்கடி தவறும் எழுத்துகளின் பட்டியல், கண், காதுப் பரிசோதனை அறிக்கைகள், பள்ளியிலிருந்து வரும் குறிப்புகள். எல்லாவற்றிலும் தேதி இருக்கட்டும். என்னிடம் முதல் ஆறு மாதத் தாள்கள் தேதியின்றிக் கிடந்தன. எது முன், எது பின் என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை.

ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாகப் படிக்கிறது என்று எண்ணிக் குறிக்கலாம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த வயதுக்கு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கானவை. தமிழில் "போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்" என்பது ஒரே சொல். அதை ஆங்கிலத்தின் மூன்றெழுத்துச் சொல்லோடு எண்ணிக்கையில் சமமாக வைப்பது அநியாயம். அந்தப் பட்டியலைப் பார்த்து நான் சில இரவுகள் தூக்கம் இழந்தேன். உங்கள் பிள்ளையின் இந்த மாத எண்ணை அதே பிள்ளையின் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

3. நேரத்தை முடிவு செய்யுங்கள்

நாளுக்கு 15 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் எழுத்து. வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது.

நேரம் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள்: குளித்த பிறகு, படுக்கை விரித்த பிறகு. பள்ளியிலிருந்து வந்த உடனே வேண்டாம். வீட்டுப்பாடத்தின் வாலாகவும் வேண்டாம். விட்டுப்போன நாளை மறுநாள் ஈடுகட்டாதீர்கள். 15 நிமிடம் 30 ஆகும்போது பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும்.

என் அனுபவத்தில் முதல் மூன்று வாரம் முணுமுணுப்பு இருந்தது. ஆறாம் வாரம் போல அவளே நினைவூட்டத் தொடங்கினாள். எண்ணிக்கையில் மாற்றம் தெரியப் பன்னிரண்டு வாரம் ஆனது: நிமிடத்துக்கு 14 சொல் என்றிருந்தது 27 ஆனது.

4. தடை எழுத்தில் இருந்தால்

தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பலரும் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, க கா கி கீ என்று வரிசையாக ஓத வைக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். பிள்ளை அந்த மெட்டைக் கற்றுக்கொள்ளும், எழுத்தைக் கற்றுக்கொள்ளாது. நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "க"விலிருந்து தொடங்கி ஓதி வந்துதான் பதில் சொல்லும்.

உண்மையில் கற்க வேண்டியது 247 வடிவங்கள் அல்ல. 12 உயிர், 18 மெய், ஆய்தம், அவற்றோடு 11 உயிர்க்குறிகள். வரிசையைக் குறுக்கே வெட்டுங்கள். ஒரே குறியை வெவ்வேறு எழுத்துகளில் காட்டுங்கள்: கி, மி, பதி, வழி, கிளி. பிறகு இரண்டு குறிகளைக் கலந்து காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு புதிய குறி போதும்.

பிள்ளைகள் அதிகம் இடறுவது கொம்பு வரிசையில்தான். "கெ" என்பதில் குறி இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. "கொ"வில் இருபுறமும் நிற்கிறது. இதற்கு ஐந்து காகிதத் துண்டுகள் எனக்குக் கைகொடுத்தன: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, துணைக்கால், ஔகாரத்தின் வலப்பாதி. நடுவில் "க" அட்டையை வைத்துத் துண்டுகளைப் பிள்ளையே நகர்த்தட்டும். ஒற்றைக்கொம்பு மட்டும் வைத்தால் கெ. வலப்பக்கம் துணைக்கால் சேர்த்தால் கொ. கொம்பை மாற்றினால் கோ. இந்த ஐந்து துண்டுகளால் ஏழு குறிகளையும் அமைத்துவிடலாம். கையால் நகர்த்திய பிறகுதான் என் மகளுக்குக் கொம்பு விளங்கியது. செலவு ஒன்றுமில்லை.

உகர, ஊகாரக் குறிகளுக்கு இந்த வழி உதவாது. கு, சு, து மூன்றையும் பாருங்கள், ஒரே ஒலிக்கு மூன்று வடிவம். இவற்றைச் சொற்களில் வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பொறுமையாக இருங்கள். அந்தக் குழப்பத்துக்குப் பிள்ளை காரணம் அல்ல.

"மௌனம்" என்பதை "மெ-ள-னம்" என்று பிள்ளை படித்தால் திட்ட வேண்டாம். அச்சில் அந்தப் பாதி ளகரம் போலவேதான் இருக்கிறது. இதைப் போலவே, வீட்டுப் பரணிலிருந்து எடுத்த பழைய புத்தகங்களிலும் கவனம் தேவை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் லை, ளை, ணை, னை, றா, னா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். நன்றாகப் படிக்கத் தெரிந்த பிறகு அவற்றை ஆர்வத்தோடு காட்டலாம். தொடக்கத்தில் வேண்டாம்.

வீட்டில் தமிழ் குறைவாகப் பேசப்படுகிற பிள்ளைக்கு இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும். கல், பகல், தங்கம் ஆகிய மூன்றிலும் "க" ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சொல் தெரிந்த பிள்ளைக்கு இது தானாக வரும். தெரியாத பிள்ளை எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும் சொல்லை அடையாளம் காணாது. மெல்லின ஒற்றை அடுத்து வரும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும் என்று தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, கம்பு ஆகிய ஐந்து சொற்களை வைத்துப் பழக்கினால் போதும்.

5. புத்தகமும் செலவும்

முதல் மூன்று மாதத்தில் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெட்டியாக விற்கும் தொகுப்புகள், ஆண்டுச் சந்தா கேட்கும் செயலிகள், "30 நாளில் சரளம்" என்று சொல்லும் வகுப்புகள் எல்லாம் பெற்றோரின் கவலையைத்தான் குறிவைக்கின்றன. பிள்ளையின் நிலை தெரியாமல் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டில் பிரிக்கப்படாமலே இருக்கின்றன.

நூலகத்தில் உறுப்பினராகுங்கள். சேரும்போது அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிள்ளையின் படம் ஆகியவற்றில் எவை வேண்டும், வைப்புத்தொகை உண்டா, ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம், தாமதக் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். தன் பெயர் உள்ள அட்டையை நீட்டிப் புத்தகம் வாங்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அதற்காகவே இரண்டாம் முறை போகத் தோன்றும்.

இணையத்தில் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியாவதால் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். திரையில் படிக்கவிடாமல் அச்சிட்டுக் கொடுப்பதே என் விருப்பம். தாளில் விரல் வைத்துப் படிக்கலாம், தெரியாத சொல்லைக் கோடிடலாம், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் கடினமா என்று அறிய எளிய வழி: ஒரு பக்கத்தைப் பிள்ளை படிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள், அதற்குள் அவர்கள் படிக்க வேறொன்று எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்குக் கீழான புத்தகம் என்று எதையும் தட்டிப் பறிக்காதீர்கள். ஏற்கெனவே படித்த புத்தகத்தையே மறுபடி கேட்டால் மகிழுங்கள். படக்கதை, விளையாட்டுச் செய்தி, பொம்மையோடு வரும் செய்முறைத் தாள் எல்லாமே வாசிப்புதான்.

6. அந்தப் பதினைந்து நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் நீங்கள் படியுங்கள், பிள்ளை கேட்கட்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. "செய்துகொண்டிருக்கிறான்" என்று வீட்டில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. நாம் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் வரும் தமிழ் வேறொன்று. காதில் விழாத மொழியைக் கண்ணால் மட்டும் படி என்பது கடினமான கட்டளை. நாம் படித்துக் காட்டும்போது எழுத்து வழக்கு காதுக்குப் பழகுகிறது. "கூறினான் என்றால் சொன்னான்தானே?" என்று பிள்ளை கேட்கும் நாள் வரும். அன்று பாதித் தொலைவு கடந்துவிட்டீர்கள்.

அடுத்த பத்து நிமிடம் பிள்ளை படிக்கும். தடுமாறினால் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி எழுத்துக்கூட்ட வைத்தால் கதை செத்துவிடும். தவறியவற்றைக் குறித்துக்கொண்டு மறுநாள் அட்டைகளோடு பாருங்கள்.

எழுத்துக்கூட்டியே திணறும் பிள்ளைக்கு ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு நாள் தொடர்ந்து படிக்கக் கொடுங்கள். சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-இல் விளக்கிய மறுவாசிப்பு முறை இது. நான்காம் நாள் தடையில்லாமல் ஓடும். ஆனால் மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்பி நான் முதலில் ஏமாந்ததுபோல் நீங்களும் ஏமாறக் கூடாது. அதே சொற்களை வேறு வரிசையில் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அங்கேயும் படித்தால் உண்மையாகவே பிடிபட்டுவிட்டது.

முடிந்ததும் கேள்வி-பதில் வேண்டாம். "உனக்கு யாரைப் பிடித்தது?" என்ற ஒரு கேள்வி போதும்.

7. எழுத்து: வாயிலிருந்து தாளுக்கு

"ஏதாவது எழுது" என்று வெற்றுத்தாளை நீட்டாதீர்கள். அது பெரியவர்களுக்கே கடினம். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். இன்று என்ன நடந்தது என்று இரண்டு வாக்கியம். எழுதியதைப் பிள்ளையே படிக்கட்டும். தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் நிற்பதைப் பார்ப்பது பெரிய விஷயம். இரண்டு வாரம் கழித்து முதல் வாக்கியத்தை நீங்களும் இரண்டாவதைப் பிள்ளையும் எழுதுங்கள். அதற்கு அடுத்த மாதம் இரண்டையும் பிள்ளையே எழுதும்.

யாருக்காவது போய்ச் சேரும் எழுத்தே பழக்கமாக நிலைக்கும். கடைக்குப் போகும் பட்டியல், கதவில் ஒட்டும் அறிவிப்பு, தொலைவில் இருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம். பத்து முறை பார்த்து எழுதிய பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். என் மகள் தானாக எழுதிய முதல் வாக்கியம் அவள் அறைக் கதவில் இருந்தது: "உல்லே வராதே." அந்தத் தாளைத் தேதியிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது திருத்தம். ஒரு தாளில் ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டால், பிள்ளை பிழை வராத சின்னச் சொற்களை மட்டும் எழுதத் தொடங்கும். "யானை பிரம்மாண்டமாக இருந்தது" என்று எழுத நினைத்தவள் "யானை இருந்தது" என்று எழுதிவிட்டுப் போவாள். நீங்கள் திருத்தியது பிழையை அல்ல, துணிவை.

ண, ந, ன குழப்பத்துக்கு நல்ல கைப்பிடி ஒன்று உண்டு. அடுத்து நிற்கும் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ட வந்தால் ண்: வண்டி. த வந்தால் ந்: பந்து. ற வந்தால் ன்: கன்று. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களிலேயே இந்த விதி இருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் ண, ன வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிப் பிழை குறையும். ல, ள, ழ மூன்றையும் முதலில் காதாலும் நாக்காலும் பிரித்தறியச் செய்யுங்கள். வீட்டில் நாம் மூன்றையும் ஒன்றாக ஒலித்துவிட்டு எழுத்தில் மட்டும் வேறுபாடு எதிர்பார்ப்பது நியாயமில்லை. வலி, வளி, வழி என்று நீங்கள் சொல்ல, பிள்ளை அட்டையைத் தொடட்டும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் பற்றியெல்லாம் இந்த வயதில் பேச்சே வேண்டாம்.

எழுதும்போது கை வலிக்கிறது என்றால் நம்புங்கள். பென்சிலை இறுகப் பிடிக்கிறதா, தாள் சாய்ந்திருக்கிறதா, கால் தரையில் பதிகிறதா என்று பாருங்கள். குட்டையான பென்சில், அகலக் கோடு போட்ட நோட்டு, சரியான உயரத்தில் மேசை ஆகியவற்றுக்கு மட்டும் செலவு செய்யலாம்.

8. பன்னிரண்டு வாரம் ஆகியும் நகரவில்லையா?

தவறாமல் செய்தும் ஒலிப்பதிவில் மாற்றமே இல்லை, நேற்று அறிந்த எழுத்து இன்று அந்நியமாகிறது, ஒலிகளைப் பிரிக்கவோ சேர்க்கவோ முடியவில்லை, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்தது என்றால் காத்திருக்காதீர்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாட்டுக்கும் அறிவுக் குறைவுக்கும் தொடர்பில்லை. சீக்கிரம் கண்டறிந்து முறையாகக் கற்பித்தால் பிள்ளை படிக்கும்.

முதலில் வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பேசாதீர்கள், பிள்ளையை வைத்துக்கொண்டும் பேசாதீர்கள். பிறகு குழந்தை மருத்துவர் வழியாகக் கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் நிபுணரிடம் செல்லலாம். முன்பதிவுக்குக் காத்திருக்க நேரும், எனவே பெயரைப் பதிந்துவிட்டு வீட்டு அமர்வைத் தொடருங்கள். மதிப்பீடு எத்தனை அமர்வு, மொத்தக் கட்டணம் எவ்வளவு, எழுத்துமூல அறிக்கை தருவார்களா, அந்த அறிக்கையைப் பள்ளி ஏற்குமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பிள்ளைக்கு நன்கு தெரிந்த மொழியில் மதிப்பிடுவார்களா என்பதையும் கேளுங்கள். பழகாத மொழியில் எடுத்த மதிப்பீடு உங்களைத் தவறான பக்கம் கொண்டுபோகும்.

அன்று தேதியிட்ட கோப்பையும் முதல் மாலையின் ஒலிப்பதிவையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் ஒலிப்பதிவையும் கடைசி ஒலிப்பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்க விடுங்கள்.